சுவத்துல ஓடி அந்தர் பல்டி! டொனால்ட் ஓ'கானர் இதை எங்க கத்துக்கிட்டார்?

ஒருத்தர் சுவரைப் பாத்து ஓடுறார். சுவத்துலயே ரெண்டு எட்டு வச்சு ஏறி, பின்பக்கமா ஒரு பல்டி அடிச்சு நிக்கிறார். அடுத்த சுவத்துலயும் அதே பல்டி. மூணாவது சுவர்? அதைப் பிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுறார்! 1952-ல வந்த 'சிங்கிங் இன் த ரெயின்' படம். டூப் கிடையாது, ஹாலிவுட் நடிகர் டொனால்ட் ஓ'கானரேதான்.

பூர்வீகத்தை வேகமா முடிச்சிடுவோம். 1925, சிகாகோ. அப்பா, அம்மா ரெண்டு பேருமே சர்க்கஸ்ல இருந்து வாட்வில் மேடைக்கு வந்தவங்க. வாட்வில்னா பாட்டு, டான்ஸ், வித்தை, காமெடின்னு வரிசையா ஐட்டம் வர்ற ஷோ. இவர் சின்னக் குழந்தையா இருக்கப்பவே அக்கா கார் மோதி இறந்துட்டாங்க. சில வாரத்துல அப்பாவும் மேடையிலயே மாரடைப்புல போயிட்டார். அப்பவும் அம்மா ஷோவை நிறுத்தல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. சினிமாவுக்கு வரும்போது இவருக்கு முழுசா தெரிஞ்சது ரெண்டே ரெண்டு டான்ஸ்தான்! வாட்வில்ல அது போதும். ஊர் மாறினா ஆடியன்ஸ் மாறும், அதே பத்து நிமிஷத்தை வச்சு வருஷக்கணக்கா ஓட்டலாம். சினிமாவுல ஒரு தடவை ஆடினா நாடே பாத்துடும், அடுத்த படத்துக்குப் புதுசு வேணும். இன்னொரு சிக்கல், இவர் ஆடினது டாப் (tap) டான்ஸ், அதாவது ஷூவால தரையைத் தட்டித் தாளம் போடுற ஆட்டம். அதுல வேலையெல்லாம் இடுப்புக்குக் கீழதான். கை, தோள், முதுகு எல்லாத்தையும் இவர் சினிமாவுக்கு வந்தப்புறம்தான் பழகினார்.

இப்போ பல்டிக்கு வருவோம். முதல் கால் சுவத்துல இடுப்பு உயரத்துல விழணும். அதுக்கு மேல வச்சா இடுப்பு கீழ தொங்கி, கால் வழுக்கி, முதுகு தரையில. ரெண்டாவது கால் நெஞ்சு உயரம். அங்க சுவரைத் தள்ளக் கூடாது, மேல எழும்பணும். தள்ளினீங்கன்னா உடம்பு முழுசா சுத்தாம பின்னாடி பறக்கும், தலைதான் முதல்ல இறங்கும். பயத்துல தலையைச் சீக்கிரமே பின்னாடி சாய்ச்சா உயரம் போச்சு. ஓ'கானர் சின்ன வயசுல அடிச்ச பல்டிதான், ஆனா விட்டுப் போயிருந்தது. அதனால ஷூட்டிங்குக்கு முன்னாடி அண்ணனைக் கயிறு பிடிக்க வச்சு, பயம் தெளியிற வரைக்கும் பழகினார்.

ரெண்டு தடவை ஜெயிச்சுக் காட்டி மூணாவதுல கவுக்குறதுதான் பக்கா வாட்வில் கணக்கு. முதல் ரெண்டு பல்டி கச்சிதமா விழலேன்னா மூணாவதுக்குச் சிரிப்பே வராது.

தரை காங்கிரீட். அந்தக் காலத்துல தினம் நாலு பாக்கெட் சிகரெட் வேற! ஆடி முடிச்சுப் படுக்கையில விழுந்தவர் எழுந்து வந்தா, ஃபிலிம் கெட்டுப்போச்சு, திரும்ப ஆடணும்னு சொன்னாங்களாம். பேட்டியில அவரே சொன்னது. ஆடினார்.

வீடியோவைக் கால்வாசி வேகத்துல ஓட விட்டுப் பாருங்க. மூணாவது சுவத்துக்கு ஓடும்போது எந்த இடத்துல ஓட்டம் மாறுதுன்னு கண்டுபிடிச்சவங்க கமென்ட்ல போடுங்க. உங்க வீட்டுச் சுவத்துல மட்டும் வேண்டாம், அது மூணாவது சுவர் மாதிரி உடையாது!