பிள்ளையோட வெயிட் பத்தி கவலையா? முதல்ல இதைக் கேளுங்க

ஃபோட்டோ எடுக்கலாம்னு சொன்னதும் ஒரு ஏழு வயசுப் பொண்ணு மூச்சை இழுத்து வயித்தை உள்ள தள்ளிட்டு நிக்கிறா, டீஷர்ட்டை கீழ இழுத்து இழுத்து விடுறா. யாரும் சொல்லிக்கொடுக்கல. ஆனா தினமும் காலைல அம்மா கண்ணாடி முன்னாடி அப்படித்தான் நிக்கிறாங்க, "ச்சே, எப்படி பெருத்துட்டேன் பாரு"ன்னு சொல்றாங்க, இவ பக்கத்துலயே நின்னு தலை சீவிக்கிட்டு இருக்கா.

அதனால டயட்டுக்கு முன்னாடி நம்ம வாயைக் கவனிப்போம். "குண்டூஸ்"னு செல்லமா கூப்பிடுறதும் சேர்த்துதான் சொல்றேன். வீட்ல கேலி வாங்குற பிள்ளைங்களுக்குத்தான் பின்னாடி சாப்பாட்டுப் பிரச்சனை அதிகமா வருது, வெயிட்டும் கூடத்தான் செய்யுது.

சரி, வெயிட் அதிகம்னு எப்படி முடிவு பண்றது? பிஎம்ஐன்னா உயரத்துக்கு வெயிட் எவ்வளவுன்னு பாக்குற கணக்கு. அதுல பெரியவங்களுக்கு வெச்சிருக்கிற அளவை பிள்ளைங்களுக்கு போடவே கூடாது. அவங்களுக்கு வயசு, ஆணா பொண்ணா, எல்லாம் பாத்து தனி சார்ட் இருக்கு. டாக்டருங்க பாக்குற ஒரு சார்ட்ல 85வது பர்சன்டைலைத் தாண்டினா, அதாவது சார்ட்ல அதே வயசுல இருக்குற 100 பிள்ளைங்கள்ல 85 பேரை விட பிஎம்ஐ அதிகமா இருந்தா, வெயிட் கொஞ்சம் அதிகம், 95க்குப் போனா உடல் பருமன். ஆனா ஒரே ஒரு தடவை அளந்துட்டு பதறாதீங்க, ஏன்னா வயசுக்கு வர்ற சமயத்துல சில பிள்ளைங்க முதல்ல சதை போட்டுட்டு அப்புறம்தான் உயரமாவாங்க, அப்போ போய் பட்டினி போட்டா வளர்ச்சிதான் கெடும்.

சாப்பாட்டுல எனக்குப் பிடிச்ச வழி இதுதான். என்ன சாப்பாடு, எப்போ, எங்க உக்காந்துன்னு நீங்க முடிவு பண்ணுங்க, எவ்வளவுங்கிறத பிள்ளைகிட்ட விட்டுடுங்க. "தட்டை காலி பண்ணாத்தான் ஐஸ்க்ரீம்"னு சொன்னா, வயிறு நிறைஞ்சதும் நிறுத்தத் தெரிஞ்ச பிள்ளைக்கு அதை நாமளே மறக்கடிக்கிறோம், கூடவே ஐஸ்க்ரீமை பரிசாக்கிடறோம். அண்ணனுக்கு பிஸ்கட், தம்பிக்கு மட்டும் வேணாம்னா? கொஞ்ச நாள்ல தலகாணிக்கு அடியில பிஸ்கட் கவர் கிடைக்கும். மாத்தணும்னா வீட்ல எல்லாருக்கும் மாத்துங்க.

தூக்கத்தை யாரும் கண்டுக்கறதில்ல. 6 வயசுலேர்ந்து 12 வயசு வரைக்கும் 9லேர்ந்து 12 மணி நேரம் வேணும், தூக்கம் குறைஞ்சா பசி கூடும். ஓட்டம் ஆட்டம் ஒரு நாளைக்கு 60 நிமிஷம். "வெயிட் குறையும் ஓடு"ன்னு சொல்லாதீங்க, விளையாட விடுங்க.

ஒருநாள் பிள்ளை வந்து "நான் குண்டா இருக்கேனா?"ன்னு கேக்கும். உடனே "இல்லடா செல்லம்"னு சொல்லிட்டா பேச்சு அங்கயே முடிஞ்சிரும், குண்டுன்னா அசிங்கம்னும் மனசுல பதிஞ்சிரும். கையில இருக்கறத வெச்சுட்டு பக்கத்துல உக்காருங்க, "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"ன்னு கேளுங்க, பதில் வர நேரம் ஆகும், பொறுத்திருங்க.

சாப்பாட்டைத் தவிர்க்குது, சாப்பிட்டதும் பாத்ரூம்ல போய் கதவை சாத்திக்குதுன்னா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட போங்க. உங்க பயத்தை எல்லாம் பிள்ளையை வெளிய உக்கார வெச்சுட்டு டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க.