சுவர் இருந்தால்தானே சித்திரம்

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் எங்கள் பழைய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே (சால்வைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று போன கூட்டத்திலேயே கேட்டேன், சரி, போகட்டும்), நூலகர் அம்மா அவர்களே, கல்லூரிப் பிள்ளைகளே, வணக்கம்.

ஆன்லைன் தேர்வுக்குத் தயாராவது பற்றிப் பேசச் சொன்னார்கள். படிப்பு, உடம்பு, மனசு என்று மூன்று செய்தி வைத்திருக்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். அதனால் உடம்பிலிருந்தே தொடங்குகிறேன்.

2021-இல் என் அக்கா மகளுக்கு வீட்டிலிருந்தே செமஸ்டர் தேர்வு. மூன்று மணி நேரம் ஏ4 தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரே பி.டி.எஃப். ஆக்கி ஏற்ற வேண்டும். இரண்டு ராத்திரி தூங்கவில்லை பிள்ளை. காலையில் வெறும் டீ. எழுதி முடித்தபோது கரண்ட் போய்விட்டது. அக்கா வீட்டில் சிக்னல் கிடைப்பது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் மட்டும்தான். ஏறினாள். பின்னால் குடையோடு நான், எனக்குப் பின்னால் விசிறியோடு அக்கா. கோப்பு பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. சுருக்கினாள். பதினேழாம் பக்கம் தலைகீழ். திருப்பினாள். தொண்ணூறு சதவீதத்தில் அந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, கீழே கூடிவிட்ட தெருவே அண்ணாந்து பார்க்கிறது. ‘போயிடுச்சு மாமா!’ என்றாள். பி.டி.எஃப். போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போனது அவள் நினைவும்தான்! தோளில் சாய்ந்துவிட்டாள். பெட்டிக்கடைக்காரர் கோலி சோடாவோடு ஏணி ஏறினார். பாஸ் ஆகிவிட்டாள், பயப்படாதீர்கள்.

ஆகவே பிள்ளைகளே, முதல் நாள் பத்து வெற்றுத் தாளில் பக்க எண் போட்டு, படமெடுத்து, பி.டி.எஃப். ஆக்கி, அளவு பார்த்து வையுங்கள். அப்புறம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு நீங்களும் படுத்துவிடுங்கள். விடிய விடியப் படித்தது விடிந்ததும் ஞாபகம் வராது. திரையைப் பார்த்துப் படிக்கிறவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி எதையாவது இருபது விநாடி பாருங்கள். வேப்பமரம் போதும். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

ஆனால் ஒரு பெண் தொட்டி மேல் ஏன் ஏற வேண்டும்? 1948-லேயே இந்த மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பாடுபட்டவர் சீர்காழிக்காரர், எஸ். ஆர். ரங்கநாதன். வீட்டு வரியில் ரூபாய்க்குப் 10 காசு நூலக வரி இன்றும் கட்டுகிறோம். நம் காசில் நிற்கிற இந்தக் கூடம் வெள்ளிக்கிழமை பூட்டு. மற்ற நாளில் இருட்டினால் பூட்டு. தேர்வு நாட்களில் காலையிலிருந்து ராத்திரி வரை திறந்து வையுங்கள். ஓர் இன்வெர்ட்டர், ஒரு வைஃபை, பத்து நாற்காலி. கேட்பது இவ்வளவுதான். எங்கள் மனுவுக்கு இது மூன்றாவது வருடம். ஊராட்சி மன்றத் தலைவர் சிரிக்கிறார். சிரிப்பைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளுங்கள், செயலாளரே.

மனசு பற்றிச் சொல்வதற்குள் தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒன்று மட்டும்: 14416. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். போனில் பதிந்துகொள்ளுங்கள்.

மனு நூலகர் அம்மா மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் ஐயாதான் முதல் கையெழுத்து. அவர் எழுந்து போகும்வரை கொஞ்சம் வழி விடுங்கள்.