மூன்று வரிக்கு இவ்வளவா?

நேயர்களுக்கு வணக்கம். எந்த ஏஜென்சியிலும் மாதச் சம்பளத்துக்குச் சேராமல், விளம்பர வாசகம் எழுதியே பிழைக்க முடியுமா என்று இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் அவர்கள் மனதில் வைத்திருக்கும் வேலை வேறு, சோறு போடும் வேலை வேறு. டிவியில் வந்து ஊரே முணுமுணுக்கும் ஒரு வரியை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வாடகை கட்ட உதவுவதோ ஊறுகாய் பாட்டில் லேபிள், பள்ளிக்கூட அட்மிஷன் நோட்டீஸ், மனைப்பிரிவு ப்ரோஷர், நகைக்கடையின் வாட்ஸ்அப் செய்தி. இவற்றில் பேர் கிடைக்காது. மாதா மாதம் வேலை கிடைக்கும்.

எங்கே தேடுவது? முதலில் அச்சகத்துக்குப் போங்கள். ஈரோட்டிலோ மதுரையிலோ ஒரு கடைக்காரருக்கு விளம்பரம் தேவை என்றால், அவர் நேராகப் போவது அச்சகத்துக்கு, இல்லாவிட்டால் ஃப்ளெக்ஸ் அடிக்கும் இடத்துக்கு. அங்கே வாசகம் எழுதுவது பெரும்பாலும் டிடிபி, அதாவது கணினியில் எழுத்துக் கோத்துப் பக்கம் அமைக்கும் வேலை செய்பவர்தான். போன வருஷ நோட்டீஸைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவார். அவரோடு போட்டி வேண்டாம், பழகிக்கொள்ளுங்கள். அவருக்குப் பாரம் குறையும், உங்களுக்கு வேலை வரும். அடுத்து, டிசைனர் இருந்தும் தமிழ் எழுத ஆளில்லாத சின்ன ஏஜென்சிகள். அப்புறம் மும்பை, பெங்களூரு. இந்தியில் எடுத்த விளம்பரத்துக்கு வாயசைவோடு ஒட்டுகிற மாதிரி தமிழ் வசனம் கேட்பார்கள். சாயங்காலம் கூப்பிட்டு, காலையில் வேண்டும் என்பார்கள்.

காட்டுவதற்குப் பழைய வேலை எதுவும் இல்லையா? ஊரில் கண்ணில் படும் விளம்பரம் ஒன்றை எடுத்து மூன்று விதமாக மாற்றி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடை முதலாளியிடமே கொண்டுபோய்க் காட்டிவிடாதீர்கள். அதை அவரே எழுதியிருப்பார்.

வானொலிக்கு வந்துவிட்டு வானொலி விளம்பரத்தைப் பற்றிச் சொல்லாமல் எப்படிப் போவது? 30 வினாடி ஸ்பாட் ஒன்றில், நிதானமாகப் படித்தால் சுமார் 50 தமிழ்ச் சொற்கள் அடங்கும். அதற்குள் கடைக்காரர் கடைப் பெயர், மூன்று கிளை, ஐந்து சலுகை எல்லாவற்றையும் கேட்பார். அதற்கு மேல் ஒரு கைபேசி எண், அதுவும் இரண்டு முறை. பத்து இலக்கத்தைப் புரியும்படி ஒரு தடவை சொல்லவே 5 வினாடி ஆகும். இரண்டு தடவை சொன்னால் மூன்றில் ஒரு பங்கு நேரம் போயிற்று. கேட்பவர் யார்? அடுப்படியில் நிற்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர். எண்ணை எதில் குறித்துக்கொள்வார்? ‘பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்’ என்று சொன்னால் மனதில் நிற்கும். இதை முதலாளிக்குப் புரியவைப்பதும் உங்கள் வேலைதான், எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை. அனுப்புவதற்கு முன் வாய்விட்டுப் படித்து, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு 25 வினாடியாகத் தெரிவது வாய்க்கு 35 ஆகிவிடும்.

சரி, பணம். சொல்லுக்கு இவ்வளவு என்று ரேட் பேசாதீர்கள். கட்டுரைக்கு அது சரிவரலாம். மூன்று சொல்லில் முடியும் வாசகத்துக்கு என்ன கேட்பீர்கள்? “மூன்று வரிக்கு இவ்வளவா?” என்ற கேள்வி எப்படியும் வரும். நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 36,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஆள் தேடுவது, பேசுவது, பாக்கி கேட்டு அலைவது எல்லாம் போக, காசாகும் நாள் பன்னிரண்டு தேறினால் பெரிது. அப்படியானால் ஒரு நாளின் விலை 3,000. வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று பார்த்து மொத்தமாகச் சொல்லுங்கள். பாதி அட்வான்ஸ், இரண்டு முறை திருத்தம், மூன்றாவதிலிருந்து தனிக் காசு. இப்போதெல்லாம் ஏஐ எழுதிய தமிழைக் கொண்டுவந்து “கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க, போதும்” என்கிறார்கள். பெரும்பாலும் முதலிலிருந்து எழுதத்தான் வேண்டியிருக்கும். அதற்கும் முழு ரேட்தான்.

மாதத்துக்கு மாதம் வரவு மாறும். ஆடித் தள்ளுபடிக்கு ஆனியிலேயே எழுதியாக வேண்டும். அட்சய திருதியைக்கு நகைக்கடைகள், கோடையில் பள்ளிகள், தீபாவளிக்கு எல்லாருமே. மார்கழியில் வீட்டுமனைக்காரர்கள் அமைதியாகிவிடுவார்கள். தை பிறந்தால் மறுபடி கூப்பிடுவார்கள். தீபாவளிப் பணத்தைத் தீபாவளிக்கே செலவழித்தால் மார்கழியில் கடன்தான்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும் என்று எழுதச் சொல்லும் மருந்துக்காரர் ஒருவராவது உங்களிடம் வருவார். மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டம் 1954-லிருந்தே இருக்கிறது. அப்படி விளம்பரம் செய்யத் தடை உள்ள நோய்களின் பட்டியலில் சர்க்கரையும் உண்டு, புற்றுநோயும் உண்டு. எழுத முடியாது என்று சொல்லிவிடுங்கள், போகிற காசு போகட்டும். ரியல் எஸ்டேட் விளம்பரம் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட்டைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் பதிவு எண்ணை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவுக்கு முன் விளம்பரம் செய்யவே கூடாது.

பில்லில் பான் எண் போடுங்கள். கம்பெனிக்காரர்கள் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கொடுத்தால் பதற வேண்டாம். கணக்கு தாக்கல் செய்யும்போது அது உங்கள் வரியில் கழியும், மிஞ்சினால் திரும்ப வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. சிறு தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை மட்டும் உடனே செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, பதிவு பெற்றவருக்குத் தர வேண்டியதை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தால் வட்டி கேட்கலாம். அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று சொல்லும் அக்கவுண்ட்ஸ்காரரிடம் இதை மரியாதையாக நினைவூட்டிப் பாருங்கள், பல இடங்களில் செக் எழுதிவிடுவார்கள்.

பில்லில் இன்னொரு வரியும் சேருங்கள்: ‘முழுத் தொகை வந்த பிறகே உரிமை மாறும்.’ சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து நீங்கள் எழுதிக் கொடுக்கும் ப்ரோஷர், ஸ்கிரிப்ட் போன்றவற்றின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை பொதுவாக உங்களுடையதுதான். மூன்று சொல் ஸ்லோகனுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். அதனால் அதற்கு முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.