ஹெர்பிஸ்: புண் இல்லாத நாளும் கணக்கில் உண்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர். பிறப்புறுப்பில் கொப்புளமும் புண்ணும் உண்டாக்கும் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று பற்றி, குறிப்பாக ஒருவருக்கு அது இருந்தால் துணைக்குப் பரவாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் வானொலியை அணைத்துவிடத் தோன்றும். அணைக்காமல் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் இது தேவைப்படலாம்.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழ 52 கோடிப் பேரிடம் ஹெர்பிஸ் இரண்டாம் வகை வைரஸ் இருக்கிறது. முதல் வகையோ, 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேரிடம். இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது.

முதல் வகை பெரும்பாலும் சிறு வயதிலேயே வாய் வழியாக வந்துவிடும். காய்ச்சலின்போது உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் வருமே, அது பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டாம் வகை உடலுறவில் பரவுவது. ஆனால் உதட்டில் கொப்புளம் உள்ளவர் வாய்வழி உறவு கொண்டால், முதல் வகையும் துணையின் பிறப்புறுப்புக்குப் போய்விடும். உதட்டுப் புண்தானே என்று இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை.

இந்த வைரஸ் தோல் வழியாக நுழைந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலேறி, முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. அங்கிருந்து அதை முற்றிலுமாக விரட்டும் மருந்து இதுவரை இல்லை. தடுப்பூசியும் இல்லை. அவ்வப்போது அதே நரம்பு வழியாக அது தோலுக்குத் திரும்பி வருகிறது. சில சமயம் கொப்புளமும் புண்ணும் உண்டாகும். பல சமயம் எதுவுமே தெரியாது. தோல் சுத்தமாக இருக்கும், வலி இருக்காது, ஆனால் வைரஸ் தோலின் மேல் இருக்கும்.

2011-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகை உள்ளவர்களிடம் தினமும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். முன்பு புண் வந்து அறிந்தவர்களிடம் நூற்றில் 20 நாள் வைரஸ் தென்பட்டது. ஒருமுறைகூடப் புண்ணே வந்ததில்லை என்றவர்களிடமும் நூற்றில் 10 நாள். புண் வந்தால் மட்டும் விலகி இருந்தால் போதும் என்று நினைக்கும் தம்பதிகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பெரும்பாலான தொற்று, இருவருக்கும் ஒன்றும் தெரியாத நாள்களில்தான் பரவுகிறது.

அதற்காகப் புண் உள்ள நாள்களைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போதுதான் வைரஸ் மிக அதிகம். புண் வருவதற்கு முன்பே உடல் ஒரு குறிப்புக் கொடுக்கும். அந்த இடத்தில் குறுகுறுப்பு, அரிப்பு, எரிச்சல். சிலருக்குத் தொடையிலோ பிட்டத்திலோ சுரீரென்று வலி. அந்தக் குறிப்புத் தெரிந்த நேரத்திலிருந்து, பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் முழுவதும் மூடும் வரை உறவு வேண்டாம். ஆணுறை போட்டுக்கொண்டாலும் வேண்டாம். வாய்வழி உறவும் வேண்டாம்.

மற்ற நாள்களில் ஆணுறை நிச்சயம் உதவும். எப்போதும் தவறாமல் பயன்படுத்துவோருக்கு, ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட இரண்டாம் வகைத் தொற்று ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2009-இல் சொன்னார்கள். முழுப் பாதுகாப்புக் கிடைக்காததற்குக் காரணம், ஆணுறை மூடாத தொடை இடுக்கிலும் விதைப்பையிலும் பிட்டத்திலும்கூட வைரஸ் வெளிப்படும். ஆணிடமிருந்து பெண்ணுக்குத்தான் இது எளிதாகப் பரவுகிறது என்பதால், கணவருக்குத் தொற்று இருந்தால் இந்தப் பழக்கம் இன்னும் முக்கியம்.

அடுத்தது மாத்திரை. ஒருவருக்கு இரண்டாம் வகை இருந்து மற்றவருக்கு இல்லாத 1,484 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. தொற்று உள்ளவர்களில் பாதிப் பேர் ஹெர்பிஸ் வைரஸ் பெருகாமல் தடுக்கும் வாலாசைக்ளோவிர் மருந்தைத் தினமும் 500 மில்லிகிராம் சாப்பிட்டார்கள். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. எட்டு மாதத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் துணைகளில் 3.6 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்தது. மருந்து சாப்பிட்டவர்களின் துணைகளில் 1.9 விழுக்காடு. ஏறக்குறைய பாதி. புண்ணோடு வந்த நோயைத் தனியாகப் பார்த்தால் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்தப் பலன் தினமும் சாப்பிடுவதற்குத்தான். புண் வரும்போது மட்டும் சில நாள் சாப்பிட்டால் புண் சீக்கிரம் ஆறும், துணையைக் காப்பதற்கு அதை நம்ப முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால் நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் நடக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. துணையிடம் சொல்வது. புதிதாகத் தொற்று வந்தவர்களை வைத்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். துணை தனக்கு ஹெர்பிஸ் இருப்பதை மறைத்திருந்தாலோ, அவருக்கே தெரியாமல் இருந்தாலோ, அவரோடு உறவு தொடங்கி 60 நாளுக்குள் பாதிப் பேருக்குத் தொற்று வந்திருந்தது. சொல்லியிருந்தவர்களின் துணைகளில் பாதிப் பேருக்குத் தொற்று வர 270 நாள் ஆனது. சொன்ன பிறகு இருவருமே கவனமாக இருக்கிறார்கள். குறுகுறுப்பு வந்த இரவில் "இன்றைக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்குக் காரணம் புரிகிறது. சொல்லாத வீட்டில் அதே வார்த்தை சண்டையாக முடிகிறது.

எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். படுக்கையில் வேண்டாம். இருவருக்கும் அவசரமில்லாத ஒரு நேரத்தில், நெருக்கத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். "எனக்கு ஹெர்பிஸ் இருக்கிறது. அதற்கு மருந்து எடுத்துக்கொள்கிறேன். உனக்கு வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் சேர்ந்தே கேட்போம்." இவ்வளவு போதும். கேட்டவருக்கு யோசிக்க நேரம் கொடுங்கள்.

கேட்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருமணமாகிப் பல வருடம் கழித்து ஒருவருக்கு முதல் தடவையாகப் புண் வரும். உடனே சந்தேகம், "யாரிடமிருந்து கொண்டுவந்தாய்?" என்ற கேள்வி. இதனால் மனம் உடைந்து வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கும். திருமணத்துக்கு முன்பே வந்த வைரஸ் வருடக்கணக்கில் ஓசையில்லாமல் இருந்துவிட்டு இப்போது முதன்முதலாகப் புண்ணாகலாம். துணையிடம் அறிகுறியே இல்லாமல் இருந்து இப்போது பரவியிருக்கலாம். உதட்டுக் கொப்புளத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஒரு புண்ணை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் எந்த மருத்துவராலும் தீர்மானிக்க முடியாது. தயவுசெய்து நீங்களும் தீர்மானிக்காதீர்கள்.

பரிசோதனை பற்றிச் சுருக்கமாக. புண் இருந்தால் அது ஆறுவதற்குள் வந்து, புண்ணில் எடுத்த மாதிரியில் வைரஸைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்த வகை என்பதும் அதில் தெரியும். புண் இல்லாத துணைக்கு, வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடி, வகையைப் பிரித்துக் காட்டும் ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்யலாம். தொற்று வந்து 12 வாரம் வரை அது தெரியாமல் போகலாம். இன்னொரு வகை எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், அது குழப்பத்தைத்தான் தரும். இருவருக்கும் ஒரே வகைதான் இருக்கிறது என்று தெரிந்தால், ஒருவருக்காக மற்றவர் மாத்திரை சாப்பிடும் அவசியமே பெரும்பாலும் இல்லாமல் போகும்.

கழிப்பறை இருக்கை, நீச்சல் குளம், துணி துவைப்பது பற்றியெல்லாம் பயப்பட வேண்டாம். புண்ணைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். இரண்டாம் வகை உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், அந்தப் பரிசோதனையையும் சேர்த்தே செய்துகொள்வது நல்லது.

கடைசியாக, கர்ப்பிணிகள். பல வருடமாக ஹெர்பிஸ் உள்ள பெண்ணின் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு, நூற்றில் ஒன்றுக்கும் கீழே. தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் முதன்முதலாகத் தொற்று வந்தால்தான் கவலை. அப்போது பிரசவத்தில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு நூற்றில் 30 முதல் 50 வரை இருக்கிறது, அது உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே கணவருக்கு ஹெர்பிஸ் இருந்து மனைவிக்கு இல்லையென்றால், அந்த மூன்று மாதமும் உறவைத் தவிர்த்துவிடுங்கள். உதட்டில் கொப்புளம் வரும் வழக்கம் உள்ளவர் வாய்வழி உறவையும் தவிர்க்க வேண்டும். மனைவிக்கே ஹெர்பிஸ் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். 36-ஆவது வாரத்திலிருந்து தினசரி மாத்திரை தருவார்கள். பிரசவ வலி வரும்போது புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.

நன்றி, வணக்கம்.