அணையாத கங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மலைத்தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அது கைதவறிக் காலில் பட்டால், அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கும். இந்த நான்கு குறிகளையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செல்சஸ் என்ற ரோமானியர் எழுதிவைத்தார். இதுவே அழற்சி. இரத்தத்திலுள்ள வெண்குழியங்கள் காயத்துக்கு விரைந்து, ஒட்சிசனிலிருந்து கடுமையான பொருட்களை ஆக்கிக் கிருமிகளின்மேல் கொட்டுகின்றன. வேலை முடிந்ததும் அவை ஓய்ந்துவிடுகின்றன, புண்ணும் ஆறிவிடுகிறது. ஓயாமல் போனால் என்ன ஆகும் என்பதே இன்றைய பேச்சு.

என் தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்பதால் எனக்கு எதைச் சொன்னாலும் தேயிலைதான் நினைவுக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரோலரில் நசுங்கிய கொழுந்தைப் பரப்பி வைக்கும் அறையைப் பார்த்திருப்பீர்கள். 'பெர்மென்டிங்' என்று பெயரிட்டிருந்தாலும் அங்கு நடப்பது நுண்ணுயிர்கள் நடத்தும் நொதித்தல் அன்று. இலையின் சொந்த நொதியம், அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம், காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நடத்தும் ஒட்சியேற்றம். பச்சை இலை கண்ணெதிரே செப்பு நிறமாக மாறும். அப்பா ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, "இப்போ ட்ரையருக்கு ஏத்து" என்பார். ட்ரையரின் சூடுதான் அந்த நொதியத்தை நிறுத்துகிறது. தாமதித்தால் சாயம் மங்கி, தேநீர் சப்பென்றாகிவிடும். ஒட்சியேற்றம் இல்லாமல் கறுப்புத் தேயிலையே இல்லை. அதை நிறுத்தத் தெரியாவிட்டாலும் நல்ல தேயிலை இல்லை.

உடலுக்கும் நிறுத்தும் ஏற்பாடுகள் உண்டு. உயிர்க்கலங்களில் உண்டாகும் ஒருவகை ஒட்சிசன் மூலிகத்தை, அதாவது மற்றப் பொருட்களை எளிதில் தாக்கும் ஒட்சிசன் வடிவத்தை, செயலிழக்கச் செய்யும் நொதியத்தை 1969ஆம் ஆண்டு மக்கோர்ட், ஃபிரிடோவிச் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இனங்கண்டனர். இத்தகைய பொருட்கள் உண்டாகும் வேகத்துக்கு அவற்றை அகற்றும் வேகம் ஈடுகொடுக்காத நிலையையே ஒட்சியேற்ற அழுத்தம் என்கிறோம். அழற்சி அதை வளர்க்கிறது. அது திரும்ப அழற்சியைத் தூண்டுகிறது.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக் காம்பராவில் புகைபோக்கி இருக்கவில்லை. அப்பாயி விடியுமுன் எழுந்து, மழையில் நனைந்த மிலாறை, அதாவது கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளை, அடுப்பில் வைத்து ஊதி ஊதி எரிய வைப்பார். சுவரில் விரலை இழுத்தால் தார்போலக் கரி ஒட்டும். வாழ்நாளில் சுருட்டோ பீடியோ தொடாத அவர், கடைசிக் காலத்தில் நாலு படி ஏற மூச்சு வாங்கினார். கத்தி பட்ட கால்போல அவருடைய நெஞ்சு சிவக்கவில்லை, வீங்கவில்லை, வலிக்கவுமில்லை. ஆனால் தினமும் உள்ளே போன புகையோடு போரிட்ட வெண்குழியங்கள், தாம் கொட்டிய பொருட்களாலேயே நுரையீரலின் மெல்லிய சுவர்களை அரித்தன. ஒரு காயம் ஒரு வாரத்தில் ஆறும். நாள் தவறாமல் விழும் காயம் எப்போது ஆறும்?

இருதய நாளங்களிலும் இதே கதைதான். நாளச் சுவருக்குள் தங்கி ஒட்சியேறிய கொழுப்பை வெண்குழியங்கள் விழுங்கி, அதிலேயே சிக்கிக்கொள்கின்றன. அங்கும் நெடுங்காலம் வலி தெரிவதில்லை.

"அப்படியானால் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் மாத்திரை வாங்கலாமா, டாக்டர்?" என்று கேட்பவர்கள் பலர். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் என்று நம்பப்பட்ட பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடுதலாகவே காணப்பட்டது. புகையை நிறுத்தாமல் மாத்திரையை விழுங்குவது, அடுப்பை அணைக்காமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது. புகைபோக்கி வையுங்கள், காய்ந்த விறகை எரியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பல் முரசு (ஈறு) வீக்கம் சீனி வியாதியைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குவது பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிந்ததென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வெற்றிலை பற்றி மட்டும் ஒரு சொல். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே என்பவர்கள் கவனியுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கையே தனியாகப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. வாயில் இரு கிழமைக்கு மேலாக ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். வணக்கம்.