பழைய லீ-என்ஃபீல்டைக் கழற்றிப் பூட்டுவது

நேயர்களுக்கு வணக்கம். பேச்சில் 'த்ரீ நாட் த்ரீ' என்று புழங்குகிற லீ-என்ஃபீல்டு ரைபிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குறிப்பாக, 1907-இல் வந்த அதன் 'மார்க் 3' வடிவம். இங்கிலாந்தில் என்ஃபீல்டு, ஆஸ்திரேலியாவில் லித்கோ, வங்கத்தில் இஷாப்பூர் எனப் பல ஆலைகளில் செய்தார்கள். இரண்டு உலகப் போர்களைப் பார்த்து, படைகள் கழித்துவிட்ட பிறகு சேகரிப்பாளர்களிடம் வந்து சேர்ந்த துப்பாக்கி. உரிமத்தோடு அதை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரும்பை விட மரத்தைக் கவனியுங்கள்.

முதலில் தோட்டாக்களை வைக்கும் மேகசினைக் கழற்றி, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். காலி என்று உறுதியான பிறகுதான் திருப்புளியைத் தொட வேண்டும்.

பார்த்தவுடன், தோளில் வைக்கும் மரமான பின்கட்டையைக் கழற்றத்தான் கை போகும். கூடவே கூடாது. அதைப் பிடித்திருக்கும் நீளத் திருகாணியின் முனை சதுரமானது. பல மார்க் 3 ரைபிள்களில் அந்தச் சதுரம், குழலைத் தாங்கும் மரமான முன்கட்டையின் பின்புறம் பதித்த சிறு தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். திருகாணி தானாகத் தளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. முன்கட்டை இருக்கும்போதே அதைத் திருகினால், சதுரம் சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். போருக்குத் தப்பிய எத்தனையோ முன்கட்டைகள் இப்படித்தான் வீணாகின்றன. ஆகவே கழற்றும்போது முன்கட்டை முதலில், பின்கட்டை அப்புறம். பூட்டும்போது பின்கட்டையை இறுக்கி, சதுரம் தகட்டுக்குப் பொருந்தும்படி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்கட்டை.

முன்கட்டையை நேராகக் கீழே இழுத்து எடுங்கள். ஆட்டி ஆட்டி இழுத்தால், சுடும்போது உதைப்பைத் தாங்குகிற பின்முனை மரம் பெயர்ந்துவிடும். குழலுக்கு அடியில், மூக்குப் பக்கமாக, ஒரு குட்டி ஸ்பிரிங்கும் குமிழும் இருக்கும். குழலை மேல்நோக்கித் தாங்குவது அவைதான். தொலைத்துவிடாதீர்கள்.

மரம் ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த ரைபிளில் விசை (ட்ரிகர்), போல்ட் ஓடும் இரும்பு உடற்பகுதியில் இல்லாமல், கீழே அதைச் சுற்றியிருக்கும் விசைக்காப்பில் மாட்டப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மரம். அது ஈரத்தில் ஊதினாலும் வெயிலில் சுருங்கினாலும் விசையின் இழுப்பு மாறும். பின்னாளில் 'நான்காம் எண்' என்ற லீ-என்ஃபீல்டின் மார்க் 2 வடிவத்தில்தான் விசையை உடற்பகுதியிலேயே மாட்டி இதைத் தீர்த்தார்கள். அதனால் வறண்ட கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் படிந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள். பளபளப்புக்காக மரத்தைத் தேய்த்து இழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மரத்தில் குத்திய முத்திரைகள் அதோடு போய்விடும், திரும்ப வராது.

பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டால் இன்னொரு வேலை இருக்கிறது. அவற்றின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகக் குழலுக்குள் படியும். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துத் துருவைக் கிளப்பும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். படைவீரர்கள் கொதிக்கிற தண்ணீரைக் குழலில் ஊற்றினார்கள். நீங்களும் ஊற்றுங்கள். மரத்துக்குள் கசியாமல் புனல் வையுங்கள். நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய்.

போல்ட்டை வேறு ரைபிளின் போல்ட்டோடு மாற்றிவிடாதீர்கள். அதன் கைப்பிடியில் உள்ள எண்ணும் உடற்பகுதியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால், தேர்ந்த துப்பாக்கிப் பழுதுநீக்குநர், போல்ட் சரியாகப் பொருந்துகிறதா என்று அளவுமானி வைத்துப் பார்க்கும்வரை சுட வேண்டாம்.

எண்ணெயைத் தாராளமாக விட்டு, பின்கட்டை கீழே இருக்கும்படி நிறுத்திவைக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. எண்ணெய் இறங்கி, மரமும் இரும்பும் சேரும் இடத்தில் ஊறி, மரத்தை மெத்தென்று ஆக்கிவிடும். மெல்லிய பூச்சு போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.