சேலத்திலும் சொத்தைதான், ஏற்காட்டிலும் சொத்தைதான்: வித்தியாசம் எங்கே?

(திரையில்: ஒரு குழந்தையின் திறந்த வாய். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் கீழ்க் கடைவாய்ப் பல். அதன் பள்ளத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கரும்புள்ளி.)

வணக்கம். இந்தப் புள்ளியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இப்போதைக்கு வலிக்காது, கூசாது. இந்தப் பல்லால் பிள்ளை முறுக்குகூடக் கடிக்கும். சேலம் பேர்லேண்ட்ஸில் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கும் இது வருகிறது, ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் வளரும் பிள்ளைக்கும் வருகிறது. வந்த பிறகு நடப்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு பழைய பேச்சை ஓரமாக வைத்துவிடலாம். “மலைப் பிள்ளைகள் கேழ்வரகுக் களி தின்று, வேப்பங்குச்சியில் பல் விளக்குபவர்கள், அவர்களுக்கு ஏது சொத்தை?” என்று டவுனில் இன்னமும் சொல்வார்கள். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், 5 வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. 12 வயதில் 53.8 சதவீதம். அப்போதே இரண்டில் ஒன்று. அதற்குப் பிறகு பிஸ்கட் பாக்கெட்டும் ஜெல்லி மிட்டாயும் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, மலையில் இருக்கிற பெட்டிக்கடை வரைக்கும் வந்து தொங்குகின்றன. களி சாப்பிடுகிற வீட்டிலும் சாயங்காலம் பிள்ளை கையில் பாக்கெட்தான்.

(திரையில்: பல்லின் குறுக்குவெட்டுப் படம்.)

சொத்தையில் பூச்சி கிடையாது. கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் பூச்சி எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். வாயில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்கள், பல்லில் ஒட்டிய சர்க்கரையையும் மாவையும் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் கடினமான மேல் உறையான எனாமலைக் கரைக்கிறது. எச்சில் அதைச் சரிசெய்யப் பார்க்கும், ஆனால் அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் அவகாசம் வேண்டும். பிள்ளை பத்து நிமிடத்துக்கு ஒரு பிஸ்கட் என்று கொறித்துக்கொண்டே இருந்தால் எச்சில் என்ன செய்யும்? ஒரே மூச்சில் ஒரு லட்டு தின்பதைவிட, மணிக்கணக்கில் கொறிப்பது மோசம்.

சரி, நகரத்துக்கு வருவோம். அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, சாரதா கல்லூரி சாலை, எங்கே திரும்பினாலும் பல் மருத்துவமனை போர்டு. கரும்புள்ளியோடு போனால் ஒரே உட்காரலில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் கரும்புள்ளியோடு யார் போகிறார்கள்? “பால் பல்தானே, விழத்தானே போகுது” என்று விட்டுவிட்டு, பிள்ளை ராத்திரி அழுத பிறகுதான் பலரும் போகிறார்கள். அப்புறம் வேர் சிகிச்சை, அதன் மேல் கேப், ஒரு மாதச் செலவு. இன்னொன்று, பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிடும் பழக்கம். தூக்கத்தில் எச்சில் குறைவாகத்தான் சுரக்கும், பால் மேல் வரிசை முன்பற்களில் விடிய விடிய நிற்கும். இரண்டு வயதிலேயே முன்பல் நான்கும் பழுப்பேறி உடைவது இதனால்தான். வசதியான வீடுகளிலும் இது நடக்கிறது. காசு இருப்பதால் சொத்தை வராமல் போவதில்லை, வந்தால் வைத்தியம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

மலையில் கதை வேறு. நாகலூர் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து சேலத்துக்கு முப்பது கிலோமீட்டர் இன்னொரு பஸ். பிள்ளைக்கு வளைவில் வாந்தி வேறு. காலையில் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். காப்பிப் பழம் பறிக்கிற மார்கழி, தை மாதங்களில் ஒரு நாள் கூலியை விடுவது சாதாரணம் இல்லை. வலிக்காத ஒரு புள்ளிக்காக எந்தத் தாய் இத்தனையும் செய்வாள்? அதனால் வலி வரும் வரை காத்திருப்பார்கள். வந்தால் முதலில் கிராம்பு, பிறகு கடையில் ஒரு வலி மாத்திரை. கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அது உண்மைதான். ஆனால் வலி அடங்கினாலும் உள்ளே சீழ் பிடிப்பது நிற்காது. கன்னம் வீங்கிய பிறகு கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: பிடுங்குவது. அடைக்க வேண்டுமானால் மறுபடி வரவேண்டும், வேர் சிகிச்சை என்றால் இரண்டு மூன்று தடவை வரவேண்டும். பிடுங்கினால் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ் நேரத்தை வைத்துத்தான் வைத்தியத்தையே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பிடுங்கினால் என்ன, வேறு பல் முளைக்காதா? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், டவுனிலும் சரி மலையிலும் சரி.

(திரையில்: ஆறு வயதுப் பிள்ளையின் கீழ்த் தாடை. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு புதுப் பல் சிவப்பு வட்டத்தில்.)

ஏறத்தாழ ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை, அதனால் யாரும் கவனிப்பதில்லை. பள்ளம் பள்ளமாக இருக்கும், பிரஷ் எட்டாது, சீக்கிரம் சொத்தையாகும். பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துப் பிடுங்கச் சொல்வார்கள். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான். பால் பல்லையும் காலத்துக்கு முன்னால் பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும், பின்னால் வரும் பல்லுக்கு இடம் இருக்காது. பத்துப் பன்னிரண்டு வயதில் கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர்களில் சிலருடைய கதை இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

கிராமம் என்றாலே மலை என்று நினைத்துவிடாதீர்கள். சேலம் மாவட்டத்துச் சமவெளியில், போர் தண்ணீரை நம்பியிருக்கிற சில கிராமங்களில் தொந்தரவே வேறு. தண்ணீரில் ஃபுளோரைடு என்கிற தாது உப்பு அதிகம். பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரியில் இது இன்னும் கடுமை, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது என்பது கணக்கு. எனாமல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், இந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடிக்கும் பிள்ளைக்கு நிரந்தரப் பல் முளைக்கும்போதே வெள்ளைக் கோடுகளோடும், கடுமையானால் பழுப்புக் கறையோடும் வரும். அது அழுக்கு இல்லை. உப்பு, கரி, செங்கல் பொடி போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, எனாமல்தான் தேயும். தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். ஆர்ஓ வடிகட்டி எடுத்துவிடும், இல்லையென்றால் குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குழாய்த் தண்ணீர். சேலம் மாநகரத்துப் பிள்ளைக்கு மேட்டூரிலிருந்து காவிரி வீட்டுக்கே வருவதால் இந்தக் கவலை பெரிதாக இல்லை.

“அப்படியானால் ஃபுளோரைடு பேஸ்ட் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். விழுங்குவது வேறு, பல்லில் பூசித் துப்புவது வேறு. மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. அட்டைப்பெட்டியில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்ட்டூன் படம் போட்ட சில பேஸ்ட்டுகளில் ஃபுளோரைடே இருக்காது, விலை மட்டும் கூடுதல்.

இனி மலைக்கு என்ன வழி? கரும்புள்ளி கட்டத்தில் பிடித்துவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியே தேவையில்லை. இதை நான் அழுத்தியே சொல்வேன்.

(திரையில்: பள்ளி வராந்தாவில் ஒரு பெஞ்சு. கையுறை போட்ட கை, பஞ்சு, சின்னப் பிரஷ்.)

சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்று ஒரு திரவம். சொத்தையைப் பஞ்சால் ஈரம் போகத் துடைத்து, சின்னப் பிரஷ்ஷில் ஒரு சொட்டு தொட்டுத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். ஊசி இல்லை, கரண்ட் இல்லை, சுற்றும் மெஷின் சத்தமும் இல்லை. சொத்தை கறுத்து இறுகி, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி தடவுவது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்று உண்டு: தடவிய இடம் கறுப்பாகவே இருக்கும். முன்பல்லில் வேண்டாம் என்று டவுன் பெற்றோர் தயங்குவது புரிகிறது, கடைவாய்ப் பல்லில் யார் பார்க்கப் போகிறார்கள்? சொத்தை நரம்பு வரை போய்விட்டாலோ, சீழ் வைத்துவிட்டாலோ இது பயன்படாது. மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆளும் வருகிறார்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரவேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. ஆனால் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் போன பிறகு, அந்தச் சீட்டு மலையை விட்டு இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால், பிள்ளைகளைக் கீழே அனுப்புவதைவிட, அந்தத் திரவத்தோடு ஒரு பல் மருத்துவர் மேலே வருவது மலிவு.

உங்கள் பள்ளிக்குக் குழு வரும் தேதியைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள், அன்றைக்குப் பிள்ளையை லீவு போட விடாதீர்கள். அதுவரை மாதம் ஒரு தடவை, செல்போன் டார்ச்சை அடித்து, உதட்டைத் தூக்கி முன்பல்லையும், வாயை அகலத் திறக்கவைத்துக் கடைசிப் பல்லையும் பாருங்கள். ஈறில் கொப்புளம், கன்னத்தில் வீக்கம், கூடவே காய்ச்சல் என்றால் மட்டும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சேலம் அரசு மருத்துவமனைக்கு இறங்கிவிடுங்கள்.